சுளுக்கா, முறிவா?

கால் பிரண்டது, மடங்கியது, பிசகியது, சுளுக்கியது என்கிறோம். எலும்பு விண்டது, முறிந்தது, நொறுங்கியது என்றும் சொல்கிறோம். முன்னைய சொற்களைக் கேட்டால் வீட்டார் எண்ணெயும் துணியும் தேடுகின்றனர். பின்னைய சொற்களைக் கேட்டால் மருத்துவமனைக்கு விரைகின்றனர். மொழியில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இவ்விரண்டும், அடிபட்ட கணுக்காலில் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. இரண்டிலும் வலி உண்டு. சில நிமிடங்களிலேயே வீக்கம் எழுவதுண்டு. மறுநாள் தோல் நீலம் பாய்வதுண்டு. அடிபட்ட நொடியில் ஏதோ தெறித்ததுபோன்ற ஓசை கேட்பதும் இரண்டுக்கும் பொதுவே.

பள்ளி விளையாட்டுத் திடலில் கபடியோ கைப்பந்தோ ஆடும் மாணவர் ஒருவர் கால் மடங்கி விழுந்துவிட்டால், சுற்றி நிற்போர் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குவதைக் காணலாம். “விரலை அசைக்க முடிகிறதா? அப்படியானால் எலும்பு முறியவில்லை” என்பார் ஒருவர். “இத்தனை வீக்கம் இருக்கிறதே, முறிவுதான்” என்பார் மற்றொருவர். “நரம்பு பிசகியிருக்கிறது, நீவிவிட்டால் சரியாகும்” என்று காலைப் பிடிக்க வருவார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். ஆயினும் மூன்று தீர்ப்புகளுக்கும் சான்று இல்லை. கால்விரல்களை அசைக்கும் தசைகள் கணைக்காலிலும் பாதத்திலும் இருப்பவை. கணுவில் எலும்பு முறிந்தாலும் அவை தம் பணியைச் செய்யும். வீக்கமோ இரத்தக் குழாய்கள் எவ்வளவு கிழிந்தன என்பதைக் காட்டுமேயன்றி, கிழிந்த இடம் எலும்பா நாரா என்பதைக் காட்டாது. இணைப்புநார் முற்றிலும் அறுந்த சுளுக்கு, மெல்லிய எலும்பு விரிசலைவிடப் பெரிதாக வீங்கும்.

மூன்றாமவர் சொன்னதிலும் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். நாம் பேச்சில் ‘நரம்பு’ என்பது பெரும்பாலும் நரம்பு அன்று. உணர்ச்சியைக் கடத்துவது நரம்பு. எலும்பை எலும்போடு பிணைத்து நிறுத்தும் வலிய கயிறு போன்றது இணைப்புநார். சுளுக்கில் இழுபட்டுக் கிழிவது இதுவே.

கணுவின் கட்டமைப்பு

கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறத்து எலும்பு பருத்தது; உடலின் எடையைப் பெரிதும் தாங்குவது. வெளிப்புறத்து எலும்பு மெலிந்தது. இவ்விரண்டின் கீழ்முனைகளும் புடைத்து, கணுவின் இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் மொழிகளாக நிற்கின்றன. பழந்தமிழ் இதனைப் பரடு எனப் பெயரிட்டு அழைத்தது. இரு பரடுகளுக்கும் இடையிலுள்ள கவட்டில், பாதத்தின் உச்சியெலும்பு வந்து பொருந்துகிறது. தச்சர் மரத்தில் பொளித்த குழியில் முளையை இறக்குவதற்கு ஒப்பானது இப்பொருத்தம்.

வெளிப்பரடு உட்பரட்டைவிடக் கீழே இறங்கி நிற்கிறது. ஆகவே பாதம் வெளிநோக்கிச் சாய்வதை அது தடுக்கிறது. உட்புறமோ குட்டையானது, பாதம் உள்நோக்கி மடங்க அங்கே இடம் இருக்கிறது. மேலும், உட்புறத்து இணைப்புநார் அகன்று தடித்தது. வெளிப்புறத்தில் இருப்பவையோ தனித்தனியான மூன்று மெல்லிய நார்கள். அவற்றுள் முன்புறமாக ஓடுவதே மிகவும் வலுக்குறைந்தது. கால் பெரும்பாலும் உள்நோக்கி மடங்குவதும், வெளிப்பரட்டுக்கு முன்னும் கீழும் வலிப்பதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. பாதத்தின் உச்சியெலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கிறது. குதித்து இறங்கும்போது நுனிக்கால் கீழ்நோக்கியிருப்பதால், குறுகிய பகுதியே கவட்டினுள் நிற்கிறது, பொருத்தம் தளர்கிறது. வலைப்பந்திலும் கைப்பந்திலும் எகிறி இறங்குவோர் கணுவில் அடிபடுவதற்கு இத்தளர்ச்சி ஒரு காரணமாகும்.

மடங்கும் விசை குறைவாயின் நார் இழுபடும், மிகுந்தால் கிழியும். நார் தாங்கிக்கொண்டு, அது பற்றியிருக்கும் எலும்பு தாங்காமற்போனால், எலும்புத் துண்டு ஒன்று பெயர்ந்து வரும். விசை திருகலாக அமைந்தால் பரடே முறியும். இத்தனையும் நிகழ்வது ஓர் உள்ளங்கை அளவு இடத்திற்குள். ஆதலின் ‘எவ்வளவு வலிக்கிறது’ என்ற வினாவால் பயனில்லை. ‘எந்த இடத்தில் வலிக்கிறது’ என்ற வினாவே விடையை நோக்கி அழைத்துச் செல்கிறது.

முறிந்த காலுடன் நடந்த மருத்துவர்

நடக்க முடிந்தால் முறிவில்லை என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தின் இலிவர்பூல் நகரில் வாழ்ந்த இராபர்ட் ஜோன்ஸ் தம் காலத்தின் தலைசிறந்த எலும்பு மருத்துவர். அவர் நடனமாடிக்கொண்டிருந்தபோது, குதிகால் நிலத்தினின்று எழுந்திருந்த நிலையில், பாதத்தின் வெளிவிளிம்பின்மீது எடையை வைத்துவிட்டார். ஏதோ விட்டுப்போனதை உணர்ந்தார். தசையை எலும்போடு சேர்க்கும் நாண் ஒன்று அறுந்திருக்கும் என்றே கருதினார். நண்பர் ஒருவரின் துணையோடு சில நூறு கஜம் நடந்து தம் வண்டியை அடைந்தார். பின்னர் உடன் பணியாற்றிய மருத்துவரைக் கொண்டு ஊடுகதிர்ப்படம் எடுத்தபோதுதான், சுண்டுவிரலுக்கு நேரே ஓடும் பாதத்தின் நீள எலும்பு அடிப்பகுதிக்கு அருகில் முறிந்திருப்பது தெரியவந்தது. இரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்த 1895ஆம் ஆண்டுக்குப்பின் ஏழே ஆண்டுகளில், 1902இல், ஜோன்ஸ் தம் காலையே சான்றாக வைத்துக் கட்டுரை வெளியிட்டார். அம்முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்த இடமாதலால் அது மெல்லவே கூடும்; கூடாமற்போவதும் உண்டு.

எலும்பு மருத்துவத்தில் தோய்ந்த ஒருவருக்கே தம் கால் முறிந்தது புலப்படவில்லையெனில், திடலின் ஓரத்தில் நிற்போர் பார்வையால் முடிவுசெய்வது எங்ஙனம்?

ஒட்டாவா விதிகள்

இந்தச் சிக்கல் மருத்துவமனைகளுக்கும் இருந்தது. கணுவில் அடிபட்டு வந்த ஏறத்தாழ எல்லாருக்கும் ஊடுகதிர்ப்படம் எடுப்பதே வழக்கமாயிற்று. அவர்களுள் முறிவு இருந்தவர்களோ 100க்கு 15 பேருக்கும் குறைவு. ஏனையோர் காத்திருந்ததும் செலவிட்டதும் கதிர்வீச்சு ஏற்றதும் வீண். கனடா நாட்டின் ஒட்டாவா நகரில், இயன் ஸ்டீல் என்னும் அவசர சிகிச்சை மருத்துவர் தம் குழுவினருடன் இதனை ஆராய்ந்தார். அடிபட்டு வந்த 750 பேரை, படம் எடுப்பதற்கு முன்பே கையால் தேர்ந்து, கண்டவற்றையெல்லாம் குறித்து, பிறகு படத்தோடு ஒப்பிட்டனர். எந்த அறிகுறிகள் உண்மையில் முறிவைச் சுட்டுகின்றன, எவை வெறும் தோற்றம் என்பது தெளிவாயிற்று. 1992இல் வெளியான அவ்விதிகள் ஒட்டாவா கணுக்கால் விதிகள் எனப் பெயர்பெற்றன. முதலில் 55 வயதைக் கடந்தோருக்குப் படம் எடுக்க வேண்டும் என்பதும் விதியில் இருந்தது. அடுத்த ஆண்டே மேலும் பலரை ஆராய்ந்து, அது தேவையில்லை எனக் கண்டு நீக்கினர்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணுவைச் சுற்றி வலி இருக்கிறது. அத்துடன் வெளிப்பரட்டின் நுனியிலோ அதன் பின்விளிம்பில் 6 செ.மீ. உயரம்வரையிலோ எலும்பை அழுத்தினால் நோகிறது என்றால், படம் எடுக்க வேண்டும். உட்பரட்டுக்கும் இதுவே அளவு. பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்தால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு இரண்டு: ஒன்று, ஜோன்ஸ் முறித்துக்கொண்ட அதே எலும்பின் அடிப்பகுதி, இது பாதத்தின் வெளிவிளிம்பில், நடுவழியில், சிறு புடைப்பாகத் தட்டுப்படும். மற்றொன்று, பாதத்தின் உட்புற வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவ எலும்பு. இவ்விடங்களில் நோவு இல்லாவிட்டாலும், அடிபட்ட உடனேயும் பிறகு மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றால் அப்போதும் படம் எடுக்க வேண்டும். நொண்டி நடந்தாலும் நடையே. ஒவ்வொரு காலிலும் இருமுறை எடை தாங்கினால் போதும்.

பரட்டின் பின்விளிம்பை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சுளுக்கில் பெரும்பாலும் கிழியும் நார், பரட்டின் முன்புறத்தைப் பற்றியிருக்கிறது. ஆகவே முன்புறத்தில் அழுத்தினால் சுளுக்கானாலும் முறிவானாலும் நோகும். பின்விளிம்பிலோ அக்குழப்பம் குறைவு. அங்கே எலும்பின்மேல் விரல் படும்போது நோகுமானால், ஐயம் எலும்பின்மேல்தான் விழ வேண்டும்.

அழுத்திப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வலிக்கும் இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் அடிபட்டவர் அஞ்சிக் காலை இழுத்துக்கொள்வார், பிறகு எங்கே தொட்டாலும் வலி என்பார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளியெலும்பின் மேல்முனையில் தொடங்கி, விரலின் தசைப்பகுதியால் அழுத்தியவாறு மெல்லக் கீழிறங்க வேண்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு. கணு திருகும்போது அவ்விசை வெளியெலும்பின் வழியே மேலேறி, முழங்காலின் அருகே அதை முறிப்பதுண்டு. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் மெசோனெவ் பெயரால் வழங்கும் முறிவு இது. அடிபட்டவர் கணுவையே காட்டிக்கொண்டிருப்பார். முறிவோ ஒரு சாண் மேலே இருக்கும்.

இந்த விதிகளின் ஆற்றல் ஒருபக்கமானது என்பதை உணர்ந்துகொள்ளுதல் தேவை. விதிகளின்படி நோவு இருந்தால் முறிவு உண்டு எனப் பொருளன்று. அவர்களுள்ளும் பலருக்குச் சுளுக்கே இருக்கும். ஆனால் விதியின் எந்தக் கூறும் பொருந்தவில்லையெனில், முறிவு இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம். 2003இல் 27 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கியபோது, விதிகளின்படி விலக்கப்பட்டோருள் 100க்கு 2 பேருக்கும் குறைவாகவே முறிவு இருந்ததெனத் தெரிந்தது. சல்லடையை நினைத்துக்கொள்ளலாம்: அரிசியோடு சில கற்கள் தங்கிவிடும், ஆனால் அரிசி கீழே சிந்தாது.

எவருக்குப் பொருந்தாது

பெரியவர்களை வைத்து வகுத்த விதிகள் இவை. பிற்காலத்தில் சிறாரிடமும் சோதித்து நல்ல பயன் கண்டனர். எனினும் வளரும் வயதினருக்குத் தனி எச்சரிக்கை தேவை. எலும்பின் முனைக்கு அருகில், அது நீளக் காரணமாகிய வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. வளர்ச்சி முடியும்வரை அது இணைப்புநாரைவிடவும் வலுக்குறைந்தது. பெரியவருக்கு நார் கிழியச்செய்யும் அதே விசை, பதின்மூன்று வயதுச் சிறுவனின் வளர்தட்டைப் பெயர்த்துவிடலாம். பதின்பருவத்தின் பிற்பகுதியில் இத்தட்டு எலும்பாகி மூடும். பெண்களுக்குச் சற்று முன்னதாகவே மூடும். அதற்குமுன் பரட்டின்மேல் நோவு இருந்தால் ‘வெறும் சுளுக்கு’ என்று ஒதுக்குதல் கூடாது.

நீண்டநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கியவர்களுக்கு இவ்விதி பயன்படாது. அவர்கள் முறிந்த காலுடன் பல நாள் நடப்பதுண்டு; வலி இல்லாமையே அவர்களுக்கு ஆபத்து. மது அருந்தியவர், வேறு பெருங்காயத்தால் துன்புறுபவர், தன்நிலை தெளிவாகச் சொல்ல இயலாதவர் ஆகியோரிடமும் தேர்வின் முடிவை நம்ப இயலாது. விரலுக்கு எலும்பே தட்டுப்படாத அளவு வீங்கியிருந்தால் ஆராய்ச்சி வேண்டா, படமே வேண்டும்.

சில நிலைகளில் அழுத்திப் பார்ப்பதே தவறு. பாதம் கோணித் திரும்பியிருத்தல், தோலைக் கிழித்து எலும்பு வெளிப்படுதல், பாதம் வெளிறிக் குளிர்ந்திருத்தல், விரல்கள் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எழுந்து நிற்கச் சொல்லாமல், கிடந்த நிலையிலேயே காலைத் தாங்கி 108 ஊர்தியை அழைக்க வேண்டும். கோணிய காலை இழுத்து நேராக்க முயல்வோர் உள்ளனர். அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

நீவுதலும் கட்டுதலும்

எலும்பு வைத்தியம் நம் ஊர்களில் மதிப்புடன் வாழ்ந்த கலை. ஆந்திர மாநிலத்துப் புத்தூரின் பெயரால் வழங்கும் கட்டினைத் தேடித் தமிழகத்திலிருந்தும் மக்கள் செல்வதுண்டு. இதனை இழிவாகப் பேசுவோர், முன்னர்க் கண்ட இராபர்ட் ஜோன்சின் வரலாற்றை அறிதல் நன்று. அவருக்குத் தொழில் கற்பித்தவர் அவர்தம் உறவினராகிய ஹியூ ஓவன் தாமஸ். இவர் பெயரால் வழங்கும் தாங்குசட்டம் முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. அந்தத் தாமசின் தந்தையாரோ வேல்சு நாட்டு ஆங்கில்சித் தீவிலிருந்து வந்த, பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கைத்திறன் அங்கிருந்து வந்தது. மகனை மருத்துவம் படிக்கவைத்தபோது இரண்டும் இணைந்தன.

ஆகவே கேள்வி வைத்தியர் எவர் என்பதன்று. முறிவு இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே கை வைக்கலாமா என்பதே. மஞ்சள் பற்றும் மூசாம்பரப் பற்றும் கிழியாத தோலின்மேல் பெருந்தீங்கு செய்வதில்லை. எண்ணெய் தடவி அழுத்தி நீவுதல் அவ்வாறானதன்று. விலகாமல் நின்ற முறிவை அது விலக்கிவிடலாம். கிழிந்த நாரில் குருதிக் கசிவை மிகுவிக்கும். அதனினும் பெரிய தீங்கு இறுக்கக் கட்டுதல். அடிபட்ட கால் இரண்டு நாள்வரை வீங்கிக்கொண்டே போகும், கட்டோ விரியாது. உள்ளே இரத்த ஓட்டம் தடைபட்டால் தசை அழுகும். காலையே இழக்கவும் நேரும். எவர் கட்டிய கட்டாயினும், மாவுக்கட்டாயினும், விரல்நுனிகளை வெளியே விட்டிருத்தல் வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வலி நேரம் செல்லச் செல்ல மிகுந்தாலோ, விரலை மெல்ல நீட்டும்போது உயிர்போவதுபோல் நொந்தாலோ, இரவென்று பாராமல் கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதலுதவி

கொலுசு, மெட்டி, காலணி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். காலை நெஞ்சுமட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் மட்டுப்படும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம். வெறுந்தோலில் வைத்தால் தோல் கருகும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்துதல் ஆகிய நான்கையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஒரு சூத்திரமாகத் தந்தார். பல்லாண்டுகள் கழித்து, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என அவரே எழுதினார். வலியைத் தணிக்கப் பனிக்கட்டி உதவும் என்ற அளவில் கொள்வதே இன்று பொருத்தம். முறிவு ஐயம் இருந்தால், செய்தித்தாளை மடித்துத் தகடுபோலாக்கியோ, தலையணையை வளைத்துப் பாதத்தைச் சுற்றியோ, தளர்வாகக் கட்டிக்கொண்டு போகலாம்.

முதல் நாள் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும், ஒரு வாரம் கடந்தும் எலும்பின்மேல் அதே இடத்தில் நோவு நீடித்தால் மீண்டும் காட்ட வேண்டும். மயிரிழை விரிசல் தொடக்கத்தில் படத்திற்கு அகப்படாமல் இருக்கும். 10 அல்லது 14 நாள்களில் விரிசலின் ஓரங்கள் கரைந்து அகலும்போது அது தென்படும்.

முறிவில்லை எனத் தெளிந்தபின் காலை அசைக்காமலே வைத்திருப்பதும் சரியன்று. வலி பொறுக்கும் அளவில் ஓரிரு நாளிலேயே கணுவை மேலும் கீழும் அசைக்கவும், சிறிது சிறிதாக எடை வைக்கவும் தொடங்கலாம். இணைப்புநாரில், பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் நுண்ணுணர்வு முனைகள் உள்ளன. நார் கிழியும்போது அவையும் கெடுகின்றன. ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் மீண்டும் மடங்குவதற்கு இதுவும் காரணம். சுவர் அருகே அடிபட்ட காலில் மட்டும் நின்று பழகுதலும், பிறகு கண்ணை மூடியவாறு நின்று பழகுதலும் அவ்வுணர்வை மீட்கும் எளிய பயிற்சிகள். மற்றக் காலில் எவ்வளவு நேரம் தள்ளாடாமல் நிற்க முடிகிறதோ, அவ்வளவு நேரம் இந்தக் காலிலும் நிற்க முடிந்து, நேரே ஓடவும் திடீரெனத் திரும்பவும் வலியின்றி இயன்றபின் திடலுக்குத் திரும்பலாம்.